வருஷக்கணக்கான வலிக்கு ஒரு மணி நேர மருந்து

பல் பிடுங்கப் போனால் போடுகிற மரப்பு ஊசி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஈறில் குத்துவார்கள், கொஞ்ச நேரத்தில் உதடு தடித்துப்போன மாதிரி இருக்கும், பல் வந்ததே தெரியாமல் எழுந்து வருவோம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அந்த ஊசியில் இருக்கும் அதே லிக்னோகைன் என்ற மருந்தைத்தான் தீராத வலிக்கும் போடுகிறார்கள் என்று முதலில் கேள்விப்பட்டபோது எனக்குக் கணக்கு உதைத்தது. மரப்பு போனதும் வலி திரும்பி வரத்தானே வேண்டும்? அந்த ஒரு மணி நேர நிம்மதிக்காக யார் போய் ஊசி குத்திக்கொள்வார்கள்?

நான் குத்திக்கொண்டேன். வேறு வழி மிச்சமில்லை என்பதுதான் முதல் காரணம்.

என் வலி வயிற்றில். தொப்புளுக்கு வலப்பக்கம் நாலு விரல் தள்ளி, சற்றுக் கீழே. குனிந்தால், இருமினால், படுக்கையில் புரண்டால் சுருக்கென்று இழுக்கும். மற்ற நேரங்களில் எரிச்சலாக உட்கார்ந்திருக்கும். எங்கே வலிக்கிறது என்று யார் கேட்டாலும் உள்ளங்கையை வைத்துத் தடவிக் காட்டியதில்லை, ஒரே விரலால் ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டுவேன். இது முக்கியமான தகவல் என்று அப்போது எனக்குத் தெரியாது. காட்டியவர்களில் பலரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். அல்சர் மாத்திரை, வாயு மாத்திரை, குடல் இழுப்புக்கு மாத்திரை, கடைசியில் மனசைச் சாந்தப்படுத்த மாத்திரை. 'ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்லையே' என்று சொல்லும்போது டாக்டர்களின் குரலில் ஒரு நிம்மதி இருக்கும். அந்த நிம்மதியைப் பங்குபோட்டுக்கொள்ள வலிக்கிறவனால் முடிவதில்லை.

கடைசியாகப் போனது ஒரு வலி நிபுணரிடம். இந்தத் துறையில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் மயக்க மருத்துவம் படித்து வந்தவர்கள்தான். ஆபரேஷன் தியேட்டரில் நரம்பைத் தேடி மரக்கடிக்கும் கைப்பழக்கம் அவர்களுக்குத்தான் உண்டு என்பதால் அது இயல்பும்கூட. அவர் ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, என்னை மல்லாக்கப் படுக்கச் சொன்னார். நான் காட்டிய இடத்தில் விரல் நுனியை வைத்து அழுத்தினார். வலித்தது. விரலை எடுக்காமலே, "கையை ஊணாம தலையையும் தோளையும் மட்டும் கொஞ்சம் தூக்குங்க" என்றார். தூக்கினேன். வயிற்றுத் தசை இறுகியது.

"இப்ப வலி கூடுதா, குறையுதா?"

கூடியது. நன்றாகவே கூடியது.

"அப்ப பிரச்சினை உள்ள இல்ல, சுவர்ல இருக்கு" என்றார்.

இவ்வளவுதான் பரிசோதனை. கருவி கிடையாது, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். கார்னெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1926இல் எழுதி வைத்தது. யோசித்தால் எளிமையான தர்க்கம். குடலிலோ பித்தப்பையிலோ கோளாறு இருந்தால், தசை இறுகும்போது அது கவசம் போல மேலே நின்று விரலின் அழுத்தத்தைத் தடுத்துவிடும், வலி குறையும். கோளாறு தசையிலோ அதன் வழியாகப் போகும் நரம்பிலோ இருந்தால், இறுக இறுக வலி கூடும். அதோடு, உள்ளுறுப்பு வலியை இங்கேதான் என்று விரல் வைத்துச் சொல்வது கடினம், பரவலாக மசமசவென்று இருக்கும். அந்த ஒரு விரல் முதல் நாளிலிருந்தே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

நடந்தது இதுதான். முதுகுத்தண்டிலிருந்து கிளம்பி விலா ஓரமாகச் சுற்றி முன்பக்கம் வரும் நரம்புகளில், ஏழாவது முதல் பன்னிரண்டாவது வரை உள்ளவை வயிற்றுச் சுவருக்கு வருகின்றன. தொப்புளின் இருபுறமும் மேலிருந்து கீழாக ஓடும் நீளமான தசையின் ஓரத்துக்கு வந்ததும், அவற்றின் கிளைகள் ஏறக்குறைய செங்குத்தாகத் திரும்பி, தசையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு ஏறுகின்றன. அந்தத் திருப்பத்தில் இடம் குறுகல். அங்கே நரம்பு நசுங்கினால் இந்த வலி. ஸ்கேனில் தெரிய இதில் ஒன்றும் இல்லை. தோலைக் கிள்ளிப் பார்த்தால் தெரியும்: ஒரு பக்கம் சாதாரணக் கிள்ளல், இன்னொரு பக்கம் அதே கிள்ளலுக்குத் துள்ளி விழுவோம்.

சரி, ஊசிக்கு வருவோம்.

டாக்டர் அல்ட்ராசவுண்ட் முனையை வயிற்றில் வைத்துத் தசையின் ஓரத்தைத் திரையில் பிடித்தார். ஊசி உள்ளே போவது வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. குத்தியதைவிட மருந்து இறங்கியபோதுதான் அதிகம் வலித்தது. சில விநாடிகள் எரிந்தது. லிக்னோகைன் கரைசலைக் கெடாமல் வைத்திருக்கச் சற்று அமிலத்தன்மையோடு தயாரிக்கிறார்கள், எரிச்சல் அதனால்தான். கொஞ்சம் சோடியம் பைகார்பனேட் கலந்தாலோ, உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கினாலோ எரிச்சல் குறையும். மெதுவாக இறக்கினாலும் குறையும். டாக்டர்களில் பொறுமைசாலி யார் என்று ஊசி போடும் வேகத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

கால் மணி நேரம் கழித்து வந்து, அதே இடத்தில் அதே விரலை வைத்து அழுத்தினார். ஒன்றுமில்லை. தலையைத் தூக்கச் சொன்னார். ஒன்றுமில்லை. இறங்கி நின்று குனிந்தேன், இருமினேன், வேண்டுமென்றே உடம்பை முறுக்கினேன். வருஷக்கணக்காக அங்கே இருந்தது அங்கே இல்லை. எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. இவ்வளவு நாள் நான் சொன்னதெல்லாம் நிஜம் என்பதற்கு ஒரு சிரிஞ்சு மருந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்ததே என்ற கோபம்.

மரப்பு ஊசியை நான் இன்று பார்ப்பது இப்படித்தான்: முதலில் அது ஒரு கேள்வி, அப்புறம்தான் வைத்தியம். 'இந்த நரம்பை வாயடைத்தால் வலி நிற்கிறதா?' என்று உடம்பிடம் நேராகக் கேட்கிறோம். படம் எடுக்கும் எந்த இயந்திரமும் இதைக் கேட்பதில்லை. எம்.ஆர்.ஐ. முதுகெலும்புகளுக்கு இடையே தேய்ந்த வட்டைக் காட்டும், வலிப்பது அதுதானா என்று சொல்லாது. வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ.யில் படுக்க வைத்தாலும் தேய்ந்த வட்டும் பிதுங்கிய வட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

ஆனால் பதிலை அப்படியே நம்பிவிட முடியுமா? உப்புத்தண்ணீரைக் குத்தியிருந்தாலும் எனக்கு வலி போயிருக்குமோ? வீட்டுக்கு வந்த அன்றே இந்தச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. நல்லவேளையாக நெதர்லாந்தில் இதை யாரோ ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். இதே வயிற்றுச் சுவர் நரம்பு வலி இருப்பதாகக் கருதப்பட்ட 48 பேரை இரண்டாகப் பிரித்து, 24 பேருக்கு லிக்னோகைனும் 24 பேருக்கு வெறும் உப்புநீரும் போட்டார்கள். யாருக்கு எது என்று யாருக்கும் சொல்லவில்லை. கால் மணி நேரம் போல விட்டுப் பார்த்ததில், மருந்து போட்டவர்களில் 13 பேருக்கு வலி பாதிக்கு மேல் குறைந்தது. உப்புநீரில் 4 பேருக்கு. 2013இல் வெளியான ஆய்வு இது. மருந்து வேலை செய்கிறது என்று காட்டும் அதே ஆய்வுதான், வெறும் தண்ணீருக்கும் ஆறில் ஒருவருக்கு வலி பாதியாகிறது என்றும் சொல்கிறது. அந்த நாலு பேர் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கும் நிஜமாகவே குறைந்தது.

இதனால்தான் கவனமான டாக்டர்கள் ஒரு ஊசியோடு முடிவு கட்டுவதில்லை. என் பெரியம்மாவுக்குக் கழுத்து வலி. கழுத்தெலும்புகளுக்கு இடையே இருக்கும் சிறு மூட்டுகளிலிருந்து வலி வருகிறதா என்று பார்க்க, அந்த மூட்டுக்குப் போகும் நுண்ணிய நரம்புகளை மரக்கடித்தார்கள். குறைந்தது. வேறொரு நாள் மறுபடி வரச் சொன்னார்கள். "ஒரு தடவதான் பாத்தாச்சே, இன்னொண்ணு எதுக்கு?" என்று பெரியம்மா கேட்டார். காரணம் இருக்கிறது. கழுத்து மூட்டுகளில் ஒரே ஊசியை மட்டும் நம்பினால் நாலில் ஒருவருக்காவது பதில் தப்பாக வரலாம். அதனால் ஒரு முறை லிக்னோகைன், இன்னொரு முறை அதைவிட அதிக நேரம் நிற்கும் புபிவகைன். எந்த நாள் எந்த மருந்து என்று நோயாளிக்குச் சொல்லாமல், எத்தனை மணி நேரம் வலி இல்லாமல் இருந்தது என்று எழுதி வரச் சொல்வார்கள். குறுகிய மருந்துக்குக் குறுகிய நேரமும் நீண்ட மருந்துக்கு நீண்ட நேரமும் வந்தால் பதிலை நம்பலாம். அதற்குப் பிறகுதான் அந்த நரம்பை ரேடியோ அலைச் சூட்டால் செயலிழக்கச் செய்யும் சிகிச்சைக்குப் போவார்கள்.

இதில் பலர் கோட்டை விடுவது ஊசிக்குப் பிந்தைய சில மணி நேரத்தை. ஊசி போட்டாயிற்று, ஓய்வெடுப்போம் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்கள். படுத்தால் பலருக்கு வலி தானாகவே குறையும். அப்புறம் ஊசியின் பதில் எது, படுக்கையின் பதில் எது என்று எப்படித் தெரியும்? சோதனை ஊசி என்றால், டாக்டர் தடை சொல்லாதவரை, வலியைக் கிளப்பும் வேலைகளை அந்த நேரத்தில் செய்துதான் பார்க்க வேண்டும். எதைச் செய்தால் வலிக்குமோ அதைச் செய்து, வலிக்கிறதா என்று மணி போட்டு எழுத வேண்டும். ஊசிக்குப் பயமாக இருக்கிறது என்று தூக்க மருந்தும் வலி மருந்தும் சேர்த்து வாங்கிக்கொண்டாலும் இதே குழப்பம்தான்.

மருந்து வேலை செய்யும் விதமும் ரசிக்கத் தக்கது. நரம்பில் செய்தி ஓட வேண்டுமானால் அதன் சவ்வில் உள்ள சோடியம் வாய்க்கால்கள் திறக்க வேண்டும். லிக்னோகைன் அவற்றை அடைக்கிறது, ஆனால் வெளியிலிருந்து இல்லை, உள்ளே நுழைந்து உட்புறத்திலிருந்து. மருந்தின் மூலக்கூறு மின்னேற்றம் உள்ளது, இல்லாதது என இரண்டு வடிவத்தில் இருக்கும். கொழுப்பாலான சவ்வைக் கடப்பது மின்னேற்றம் இல்லாத வடிவம். உள்ளே போனதும் ஒரு பகுதி மின்னேற்றம் பெற்று வாய்க்காலில் போய் அடைத்துக்கொள்கிறது. சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை அதிகம், கடக்கக்கூடிய வடிவம் அங்கே குறைந்துவிடும். சீழ் கட்டின பல்லுக்கு மரப்பு ஊசி சரியாகப் பிடிக்காமல் டாக்டர் மாத்திரை கொடுத்து அப்புறம் வரச் சொல்வதற்கு ஒரு காரணம் இது.

எல்லாம் சரி, மருந்து போன பிறகும் சிலருக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வலி குறைந்தே இருக்கிறதே, அது எப்படி? இதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. இந்தக் கேள்வியை வைத்துத்தான் ஒரு தனி வைத்திய மரபே கிளம்பியது.

ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் ஹூனேக்கே, வால்டர் ஹூனேக்கே என்று டாக்டர் சகோதரர்கள் இருந்தார்கள். 1925இல் ஃபெர்டினாண்ட் தன் சகோதரியின் ஒற்றைத் தலைவலிக்கு ஒரு வாத மருந்தை ரத்தக்குழாயில் ஊசியாகப் போட்டார். அதில் புரோகைன் என்ற மரப்பு மருந்தும் கலந்திருந்தது. தலைவலி அப்போதே விட்டது. 1940இல் இன்னும் விசித்திரமான ஒன்று: தோள்வலி உள்ள ஒரு பெண்ணுக்குத் தோளில் போட்ட ஊசி எடுபடவில்லை; காலில் இருந்த பழைய தழும்பில் போட்டதும் தோள்வலி விநாடிகளில் மறைந்ததாம். உடம்பில் எங்கோ இருக்கும் பழைய தழும்போ அழற்சியோ தொலைவில் வலியைக் கிளப்பும், அங்கே மரப்பு மருந்து போட்டால் தீரும் என்று அவர்கள் ஒரு கொள்கையே கட்டினார்கள். நரம்புச் சிகிச்சை என்ற பெயரில் இன்றும் ஜெர்மன் பேசும் நாடுகளில் டாக்டர்கள் செய்கிறார்கள். எனக்கு இதில் பாதி நம்பிக்கைகூட இல்லை. ஒரு நோயாளியின் தோளும் காலும் கதையாகும், சான்றாகாது. தழும்பிலேயே நரம்பு சிக்கி அந்தத் தழும்பு வலித்தால் அங்கே ஊசி போடுவது வேறு, அதற்கு நியாயம் இருக்கிறது. எந்த வலிக்கும் எந்தத் தழும்பையும் குற்றம் சொல்வது வேறு.

அதைவிட எனக்குப் பிடித்த ஆள் ஜான் பொனிகா. இத்தாலியில் பிறந்து அமெரிக்கா போனவர், மயக்க மருத்துவர். படிப்புச் செலவுக்காக முகமூடி போட்டுக்கொண்டு மல்யுத்தம் செய்தவர். அந்த அடிகளின் வலி அவரை ஆயுள் முழுக்க விடவில்லை. இரண்டாம் உலகப் போரில் காயப்பட்ட சிப்பாய்களைப் பார்த்தபோது, நரம்பை மரக்கடித்தால் மட்டும் போதவில்லை என்று கண்டுகொண்டார். வெவ்வேறு துறை டாக்டர்கள் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னார். வலி மருத்துவம் தனித் துறையாக நிற்பதில் அவர் பங்கு பெரிது. ஊசியில் கைதேர்ந்தவரே ஊசி மட்டும் போதாது என்று சொன்னதால் அதற்கு எடை அதிகம்.

வாரக்கணக்கில் நீடிக்கும் நிவாரணத்துக்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. ஓயாமல் வலிச் செய்தி போய்க்கொண்டே இருந்தால் தண்டுவடத்தின் செல்கள் கூடுதல் உணர்ச்சி அடைந்து சின்னத் தொடுதலையும் வலியாக்குகின்றன. சில மணி நேரம் செய்தியே வராமல் இருந்தால் அது தணியலாம். வலியால் தசை இறுகி, இறுகியதால் வலி கூடும் சுழல் அறுபடலாம். ஊசி குத்துவதே ஒரு வைத்தியமாக இருக்கலாம்: தசை முடிச்சுகளில் மருந்தே இல்லாமல் வெறும் ஊசியைக் குத்தியும் வலி குறைந்ததை செக் நாட்டு டாக்டர் காரெல் லெவிட் 1979இல் எழுதினார். நிறையப் பேருக்கு ஊசியில் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அப்புறம், யாரும் சொல்ல விரும்பாத காரணம் ஒன்று: வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஊசிக்குப் போகிறோம், உச்சத்திலிருந்து அது எப்படியும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

எனக்கு நடந்ததைச் சொன்னால், மரப்பு அன்று மாலையே போய்விட்டது. மறுநாள் வலி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது, ஊசி போன பாதையின் வலியும் சேர்ந்து. அதற்கப்புறம் மெல்ல இறங்கியது, பழைய உயரத்துக்கு வரவில்லை. சில வாரங்கள் கழித்து மறுபடி போட்டோம். ஒவ்வொரு முறையும் நிவாரணம் சற்று நீண்டது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. சிலருக்கு ஒவ்வொரு முறையும் சில மணி நேரம் மட்டுமே கிடைக்கும். பிசியோதெரபிஸ்ட் அந்த வலியில்லாத நாட்களைப் பிடித்துக்கொண்டார். குனிய வேண்டிய இடத்தில் முழங்காலை மடக்கி உட்காருவது, இருமல் வந்தால் கையால் வயிற்றைப் பிடித்துக்கொள்வது என்று எனக்கே தெரியாமல் எத்தனையோ பழக்கங்கள் சேர்ந்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றியதில் அவருக்குப் பாதிப் பங்கு கொடுப்பேன்.

ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. லிக்னோகைன் தவறி ரத்தக்குழாய்க்குள் போனாலோ அளவு மிஞ்சினாலோ, முதலில் நாக்கும் உதட்டைச் சுற்றிய இடமும் மரத்து, வாயில் இரும்புச் சுவை தட்டி, காதில் ரீங்காரம் கேட்கும். அதற்கு மேல் போனால் வலிப்பு, இதயத்துடிப்புக் கோளாறு. அட்ரினலின் கலக்காத லிக்னோகைனுக்குச் சொல்லப்படும் வழக்கமான உச்ச அளவு கிலோ எடைக்கு 4.5 மில்லிகிராம், மொத்தம் 300க்கு மேல் போகக் கூடாது. அறுபது கிலோ ஆளுக்கு ஒரு சதவீதக் கரைசலில் 27 மில்லி. எனக்குப் போட்டது அதில் பாதிகூட இல்லை. புபிவகைன் இதயத்துக்கு இன்னும் கடுமையானது. அதற்கு முறிவு மருந்து, ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் கொழுப்புக் குழம்பு. 1998இல் எலிகளில் சோதித்துப் பார்த்ததை 2006இல் ஒரு மனிதருக்குப் பயன்படுத்திக் காப்பாற்றிய செய்தி வந்தது, இன்று அவசர மருந்துப் பட்டியலில் இருக்கிறது. ஊசி போடும் இடத்தில் அது கைவசம் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முன்பு மரப்பு ஊசியில் ஒவ்வாமை வந்தவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கழுத்து, தோள், விலாப் பக்கம் ஊசி என்றால் நுரையீரல் உறையைக் குத்திவிடும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. ஊசிக்குப் பிறகு மூச்சு வாங்கினால் காலை வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. ஸ்டீராய்டு சேர்த்தால் சர்க்கரை சில நாட்கள் ஏறும், அதே இடத்தில் அடிக்கடி போட்டால் தோல் மெலிந்து வெளுக்கும்.

உடம்பு முழுக்க வலிக்கிறவர்களுக்கு இது ஏற்ற வைத்தியம் இல்லை. எந்த நரம்பை மரக்கடிப்பது? அப்படிப்பட்டவர்களுக்கு வாராவாரம் பத்து இடத்தில் குத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. விரல் வைத்துக் காட்டக்கூடிய வலிக்குத்தான் இந்தக் கேள்வி பொருந்தும்.

எனக்கு இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது. ஊசிகள் போதவில்லையென்றால், அந்த நரம்பின் நுனியை அறுவை மூலம் வெட்டி எடுத்துவிடலாம். இதையும் நெதர்லாந்தில்தான் சோதித்தார்கள்: 44 பேரில் பாதிப் பேருக்கு நரம்பை எடுத்தார்கள், மீதிப் பேருக்குத் தோலைத் திறந்து நரம்பைத் தொடாமல் மூடினார்கள். எடுத்த 22 பேரில் 16 பேருக்கும், எடுக்காத 22 பேரில் 4 பேருக்கும் பலன் தெரிந்தது. மோசமில்லாத கணக்கு. ஆனால் எடுத்தும் பலன் இல்லாமல் ஆறு பேர் இருக்கிறார்கள், வெட்டிய நரம்பைத் திரும்ப ஒட்ட முடியாது. இப்போது வலி மாதத்தில் சில நாட்கள் எட்டிப் பார்க்கிறது, வேலையைக் கெடுப்பதில்லை. இந்த அளவிலேயே நின்றால் கத்தி வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். கூடினால் முதலில் இன்னொரு ஊசி, அதே இடத்திலிருந்துதான் வருகிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் பார்ப்போம் என்றார்.